‘அப்’ என்றால் எப்போதும் மேலேதானா? கடற்கரைக் கதையை ஆங்கிலத்தில் சொல்லும்போது எழும் ஐயம்

பாம்பன் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பாம்பனுக்கு அருகில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். சென்ற வாரம், கடலுக்குப் போன ஒரு நாளைப் பற்றி முதலில் தமிழில் எழுதிவிட்டு, பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதி வருமாறு மாணவர்களிடம் சொன்னேன். ஒரு மாணவன் தமிழில் எழுதியதை அப்படியே தருகிறேன்:

“மூன்று மணிக்கு அப்பா எழுந்தார். வாடைக்காற்று கிளம்பியிருந்தது. வள்ளத்தில் ஏறினோம். நங்கூரத்தைத் தூக்கினோம். வழியில் பாசி எடுத்துக்கொண்டிருந்த அத்தைமார் தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கினார்கள். வெயில் ஏறுமுன் திரும்பி, எல்லாரும் சேர்ந்து வள்ளத்தைக் கரையேற்றினோம்.”

இதை எழுதிய பையனுக்குத் தமிழில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அவன் எழுதியது ‘ஃபாதர் ரோஸ்’, ‘விண்ட் ஸ்டார்ட்டட்’, ‘வீ கிளைம்ப்ட் தி போட்’, ‘வீ கிளைம்ப்ட் தி போட் டு தி ஷோர்’ என்று போகிறது. இலக்கணப் பிழை என்று எல்லாவற்றையும் அடிக்கவும் முடியவில்லை. கதை என்று படிக்கவும் முடியவில்லை. அன்றாட ஆங்கிலத்தில் இத்தகைய இடங்களில் ‘அப்’ சேர்ந்த ஃப்ரேசல் வெர்ப்தான் (வினையும் சிறுசொல்லும் சேர்ந்து ஒரே பொருள் தரும் தொடர்) வரும் என்று சொல்லிச் சில இடங்களைத் திருத்திக் கொடுத்தேன். அதன் விளைவாக வகுப்பு முழுவதும் கண்ட இடமெல்லாம் ‘அப்’ போடத் தொடங்கிவிட்டது. அதைவிட எனக்குக் கவலையாக இருப்பது, படிக்கும்போது அவர்கள் கொள்ளும் பொருள். ‘ஹீ ஸாட் அப்’ என்பதை ‘மேலே உட்கார்ந்தான்’ என்று ஒரு மாணவி மொழிபெயர்த்தாள். ‘ஷீ வாக்ட் அப் டு மீ’ என்பதை ‘எனக்கு மேலே நடந்து வந்தாள்’ என்று இன்னொருவன் எழுதினான்.

இந்தச் சிறிய சொல் எங்கே உண்மையாகவே மேலே போவதைக் குறிக்கிறது, எங்கே குறிக்கவில்லை, வாக்கியத்தில் அதை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியும்படி எப்படிச் சொல்லிக் கொடுப்பது? பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தேவிபட்டினம் மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம் டீச்சர். உங்கள் மாணவனின் பத்தியில் மேல்நோக்கிய அசைவைச் சொல்லும் இடங்களை எண்ணிப் பார்த்தேன்: எழுந்தார், கிளம்பியிருந்தது, ஏறினோம், தூக்கினோம், மேலே வந்து, ஏறுமுன், கரையேற்றினோம். ஆக ஏழு இடங்கள். இவற்றுள் ‘மேலே’ என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. மற்ற ஆறு இடங்களிலும் திசை என்பது வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பாடத்தை இங்கிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

நம் மொழியில் ‘ஏறு’, ‘எழு’, ‘உயர்’, ‘கிளம்பு’ ஆகிய வினைகளே திசையைச் சொல்லிவிடுகின்றன. எந்த விதத்தில் ஏறினான் என்று சொல்ல விரும்பினால் முன்னால் ஓர் எச்சத்தைச் சேர்க்கிறோம்: ஓடி ஏறினான், ஊர்ந்து ஏறினான், தொற்றி ஏறினான். ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சில் வேலைப் பங்கீடு தலைகீழாக இருக்கிறது. அங்கே முற்றுவினை விதத்தைச் சொல்கிறது, பின்னால் வரும் சிறுசொல் திசையைச் சொல்கிறது: ‘ரேன் அப்’, ‘க்ரால்ட் அப்’, ‘ஸ்க்ராம்பிள்ட் அப்’. மொழிகள் பாதையை வினைக்குள் வைக்கின்றனவா, வினைக்குத் துணையாக நிற்கும் சொல்லில் வைக்கின்றனவா என்ற இந்த வேறுபாட்டை அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி விரிவாக ஆராய்ந்தார்; 1985-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. அவருக்குப் பின் டான் ஸ்லோபின் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும், சொற்களே இல்லாத ஒரு தவளைப் படக்கதையைப் பல மொழிக்காரர்களிடம் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள். ஸ்பானிய மொழியில் சொன்னவர்களைவிட ஆங்கிலத்தில் சொன்னவர்கள், அசைவின் விதத்தைக் காட்டும் வினைகளை மிகுதியாகவும் வகைவகையாகவும் பயன்படுத்தியது அதில் தெரிய வந்தது. ஸ்பானியமும் நம்மைப் போலவே திசையை வினைக்குள் வைக்கும் மொழி.

ஆகவே உங்கள் மாணவனிடம் ‘ஏறு என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘எப்படி ஏறினாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் விடைதான் ஆங்கில வினை. ஏறியது என்ற செய்தியைச் சிறுசொல் பார்த்துக்கொள்ளும். வள்ளத்தைக் கரையேற்றியது எப்படி? எல்லாரும் சேர்ந்து பலங்கொண்டு இழுத்தார்கள். எனவே ‘வீ ஹால்ட் தி போட் அப் தி பீச்’. வள்ளத்தில் ஏறியதற்கு மட்டும் ‘அப்’ வராது. சிறு படகுக்குள் ஏறுவது ஆங்கிலத்தில் உள்ளே போவதாகவே கருதப்படுகிறது: ‘வீ காட் இன்டு தி போட்’. பேருந்திலும் கப்பலிலும் ஏறுவதற்கு ‘கெட் ஆன்’. தமிழில் இவை யாவும் ஏறுதல். ஆங்கிலம் அங்கே உயரத்தைப் பார்ப்பதில்லை.

அடுத்து, உடலின் நிலை. ‘ஸ்டாண்ட்’ என்பது நிற்பது, ‘ஸ்டாண்ட் அப்’ என்பது எழுந்து நிற்பது. இதே கணக்குத்தான் ‘ஸாட் அப்’ என்பதற்கும்: படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான், அல்லது கூனி உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தலையும் முதுகும் மேலே வருகின்றன. உட்காரும் இடம் மாறவில்லை. ‘லுக்ட் அப்’ என்பதையும் ‘மேலே பார்த்தான்’ என்றே எப்போதும் எழுதக் கூடாது. வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பவரை யாரோ அழைத்தால் அவர் வானத்தையா பார்க்கிறார்? தலை நிமிர்ந்து பார்க்கிறார். ‘நிமிர்’ என்ற ஒற்றை வினை நம்மிடம் இருப்பது பெரிய வசதி. ‘வேக் அப்’ என்பது விழித்துக்கொள்வது, ‘கெட் அப்’ என்பது படுக்கையை விட்டு எழுவது என்ற வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். அப்பா மூன்று மணிக்கு வள்ளத்துக்குப் போகப் படுக்கையை விட்டு எழுந்தார் என்பதால் ‘ஃபாதர் காட் அப் அட் த்ரீ’.

எனக்கு மிகவும் பிடித்த இடம் காற்று. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் காற்று வலுத்து வீசத் தொடங்குவதற்கு ‘தி விண்ட் காட் அப்’ என்று சொல்வார்கள். அப்பா எழுந்ததற்கும் வாடை எழுந்ததற்கும் அங்கே ஒரே வினை. நம் கரையிலும் காற்று எழும்பியது, கிளம்பியது என்றுதானே சொல்கிறோம்? எத்தனையோ இடங்களில் விலகிப் போகும் இரண்டு மொழிகள் கடல் காற்றின் முன்னால் ஒன்றாக நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், மறக்கவே மாட்டார்கள். ‘எ ஸ்டார்ம் ப்ளூ அப்’ என்பதும் இதைப் போன்றதுதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிய கட்டுரையில் அத்தொடர் வந்தால், புயல் எழுந்தது என்று பொருள் கொள்ள வேண்டும். ‘ப்ளோ அப்’ என்பதை வெடித்தல் என்று மட்டுமே படித்த பிள்ளை அங்கே தடுமாறும்.

பாசி எடுக்கும் அத்தைமாரைப் பற்றி ஒன்று. வள்ளத்திலிருந்து பார்க்கும் பையன் ‘தே கேம் அப் ஃபார் ஏர்’ என்று எழுத வேண்டும். மூச்சு வாங்க மேலே வந்தார்கள் என்பதற்கு அதுவே இயல்பான தொடர். தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஒருத்தி, தன் தோழி தன்னை விட்டு மேலே போனதைச் சொன்னால் ‘ஷீ வென்ட் அப்’. வருவதும் போவதும் கதை சொல்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை. இதில் தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போவதால் விளக்கமே தேவைப்படாது.

கடைசியாக, மேலே போகாத ‘அப்’. ‘வாக்ட் அப் டு மீ’ என்பது ‘என் அருகில் வந்தாள்’ என்பதுதான். அங்கே அந்தச் சொல் நெருங்கி வந்து சேர்வதைக் காட்டுகிறது. ‘ஈட் அப்’, ‘டேர் அப்’, ‘யூஸ் அப்’ போன்றவற்றில் செயல் முழுமையாக முடிந்ததைக் காட்டுகிறது. இதற்கு நாம் ‘விடு’, ‘போடு’, ‘தீர்’ ஆகிய துணைவினைகளை வைத்திருக்கிறோம்: சாப்பிட்டுவிட்டான், கிழித்துப்போட்டான், செலவழித்துத் தீர்த்தான். ‘மேலே’ என்ற சொல்லை இவற்றின் மொழிபெயர்ப்பில் தேடவே கூடாது.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், இராமநாதபுரம்:

சகோதரி, மேலே எழுதியவர் பொருளை நன்றாக விளக்கிவிட்டார். வாக்கியத்தில் இடம் எது என்ற உங்கள் கேள்வி இன்னும் மீதமிருக்கிறது. முப்பது ஆண்டுகள் வகுப்பில் பயன்படுத்திய ஒரே ஒரு சோதனையைச் சொல்கிறேன். பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இட்’ அல்லது ‘தெம்’ போட்டுப் பாருங்கள்.

நங்கூரத்தை எடுத்துக்கொள்வோம். ‘புல் அப் தி ஆங்கர்’ என்றும் சொல்லலாம், ‘புல் தி ஆங்கர் அப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘இட்’ வந்துவிட்டால் ‘புல் இட் அப்’ மட்டுமே சரி; ‘புல் அப் இட்’ தவறு. இப்போது இராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதத்தின் படிகளில் ஓடி ஏறுவதை எடுத்துக்கொள்வோம். ‘ரேன் அப் தி ஸ்டெப்ஸ்’ என்பது சரி, ‘ரேன் அப் தெம்’ என்பதும் சரி. ‘ரேன் தி ஸ்டெப்ஸ் அப்’ என்று எவரும் சொல்வதில்லை. நங்கூரம் மேலே வருகிறது, படிகள் மேலே வரவில்லை என்பதே இதன் அடிப்படை. எந்தப் பொருள் அசைகிறதோ அந்தப் பொருளின் இருபுறமும் ‘அப்’ நிற்கலாம். எந்தப் பொருள் வழியாக அசைகிறோமோ அதற்கு முன்னால் மட்டும்தான் நிற்க முடியும்.

இதே ‘ரேன் அப்’ கடைக் கடனுக்கும் வரும். மளிகைக் கடையில் கடனை ஏற்றிக்கொண்டான் என்பதற்கு ‘ஹீ ரேன் அப் எ டெட்’. இங்கே கடன் ஏறுகிறது. ஆகவே ‘ரேன் இட் அப்’. படியும் கடனும் ஒரே தொடரில் இரண்டு விதமாக நடந்துகொள்வதைக் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால், விதியை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். வாய்விட்டுப் படிக்கும்போது ‘புல் இட் அப்’ என்பதில் அழுத்தம் கடைசிச் சொல்லில் விழ வேண்டும் என்பதையும் பழக்குங்கள். நம் பிள்ளைகள் வினையை மட்டும் அழுத்திவிட்டு ‘அப்’பை விழுங்கிவிடுகிறார்கள்.

சாயல்குடி மாணவன்:

மதிப்பிற்குரிய டீச்சருக்கு வணக்கம். நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பனைத் தொழில். ‘கிளைம்ப்’ என்ற சொல்லை மாணவர்களிடமிருந்து முழுவதுமாகப் பறித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காகவே எழுதுகிறேன்.

‘கிளைம்ப்’ என்பதை ‘ஏறு’ என்று மட்டும் கற்றுக்கொள்வதால்தான் சிக்கல் வருகிறது. அந்தச் சொல்லுக்குள் இரண்டு செய்திகள் இருப்பதை சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற மொழியியலாளர் சுட்டிக்காட்டினார்: ஒன்று, மேலே போவது, மற்றொன்று, கைகால்களால் பற்றிப் பற்றி அசைவது. இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். குரங்கு மரத்திலிருந்து ‘கிளைம்ப் டவுன்’ செய்யலாம், ஏனென்றால் பற்றுதல் இருக்கிறது. விமானம் ‘கிளைம்ப்’ செய்யலாம், ஏனென்றால் மேலே போகிறது. ஆனால் விமானம் கீழே வருவதை ‘கிளைம்ப் டவுன்’ என்று சொல்ல முடியாது. அங்கே இரண்டுமே இல்லை. தமிழில் ‘கீழே ஏறினான்’ என்று சொல்லவே முடியாததால், ஆங்கிலத்தில் ‘கிளைம்ப் டவுன்’ என்பதை முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

என் அப்பா பதனீர்க் காலத்தில் ஒவ்வொரு பனையிலும் காலையும் மாலையும் ஏறுகிறார். காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு, மார்பை மரத்தோடு ஒட்டி, இரு கைகளாலும் அணைத்து, பாதங்களை ஒருசேர மேலே இழுத்து ஏறுவார். இப்படிக் கையாலும் காலாலும் மரத்தைக் கவ்வி ஏறுவதற்கு ஆங்கிலத்தில் ‘ஷின் அப்’ என்றே ஒரு தொடர் இருக்கிறது. ‘ஷின்’ என்பது முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பு. அமெரிக்கர்கள் இதையே ‘ஷின்னி அப்’ என்பார்கள். இதை அகராதியில் முதன்முறை கண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. அப்பாவின் காலில் காய்த்துப்போயிருக்கும் அந்த இடத்தின் பெயரே வினையாகி நிற்கிறது. ‘மை ஃபாதர் ஷின்ஸ் அப் தி பாம்’ என்று எழுதினால், ஏணி வைத்து ஏறவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாளை சீவிக் கலயத்தில் சேர்ந்த பதனீரோடு அவர் இறங்கும்போது ‘கிளைம்ப்ஸ் டவுன்’.

‘கிளைம்ப்’, ‘லிஃப்ட்’, ‘ரைஸ்’ ஆகியவற்றோடு ‘அப்’ தேவையா என்பதும் ஒரு கேள்வி. இலக்கணப்படி கட்டாயமில்லை. ‘மேலே ஏறினான்’ என்று நாம் சொல்வதைப் போல, கேட்பவர் கண்முன் காட்சியை வைக்க விரும்பும்போது சேர்க்கிறார்கள். அலுவல் அறிக்கையில் அதை விட்டுவிடுவதே நல்லது. கதையில் விட்டுவிட்டால் சில நேரம் வாக்கியம் வறண்டுவிடுகிறது.

பாம்பன் ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நங்கூரத்தையும் படியையும் நேற்றே கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஐயா சொன்னது போலவே, பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து விதியைத் தன் சொற்களில் சொன்னாள்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எங்கள் பிள்ளைகள் எதை எழுதினாலும் அதில் பாலம் வந்துவிடும். ‘பாலம் தூக்கியது, கப்பல் போனது’ என்று எழுதுவார்கள். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் இரண்டு இறக்கைகள் எதிரெதிராகச் சாய்ந்து உயர்ந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் நடுப்பகுதி முழுவதும் படுத்த நிலையிலேயே நேராக உயர்வதையும் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் ‘கோ அப்’ போதுமா? மற்றொன்று, ‘மேலத்தெருவுக்குப் போனேன்’ என்பதற்கு ஒரு மாணவி ‘ஐ வென்ட் அப் டு தி ஸ்ட்ரீட்’ என்று எழுதியிருக்கிறாள். தவறு என்று தெரிகிறது. ஏன் தவறு என்று அவளுக்குச் சொல்ல வேண்டும்.

கீழக்கரை வாசகி:

டீச்சர், மேலத்தெருவுக்கு நான் விடை சொல்கிறேன். தமிழில் ‘மேல்’ என்பது மேற்கும் ஆகும், ‘கீழ்’ என்பது கிழக்கும் ஆகும். தமிழ்நாட்டு நிலம் மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்கிறது. நம் மாவட்டத்து வைகையும் அந்தச் சரிவில்தான் வருகிறது. ஆகவே மேலத்தெரு என்பது மேற்குத் தெரு. ஆங்கிலேயர்களுக்கு ‘அப்’ பெரும்பாலும் வரைபடத்தில் மேலே இருக்கும் வடக்கு, அல்லது தலைநகரம். எங்கள் வீட்டில் வாப்பா சென்னைக்குப் போவதை நான் ‘வென்ட் அப் டு சென்னை’ என்று எழுதினால் அவர்கள் இயல்பாக ஏற்றுக்கொள்வார்கள். மேற்கே மதுரைக்குப் போவதை நம் ‘மேல்’ என்ற எண்ணத்தில் அப்படி எழுதினால், அந்தக் காரணம் அவர்களுக்குப் புலப்படாது. உங்கள் மாணவியின் மனத்தில் ஓடியது பழந்தமிழ்த் திசையுணர்வு என்பதை அவளிடம் சொல்லிவிட்டுத் திருத்துங்கள்.

தேவிபட்டினம் மொழிபெயர்ப்பாளர்:

பாலத்துக்கு ‘கோ அப்’ இரண்டு இடத்திலும் பிழையாகாது. ஆனால் எப்படி உயர்ந்தது என்ற பழைய கேள்வியை இங்கும் கேட்டுப் பாருங்கள். பழைய பாலத்தின் இறக்கைகள் ஒரு முனை கீழே தங்க மறு முனை வளைந்து மேலே போயின. ‘ஸ்வங் அப்’ அல்லது ‘டில்டட் அப்’ என்பது அந்த அசைவுக்குப் பொருந்தும். புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி 17 மீட்டர் வரை செங்குத்தாக உயர்கிறது. அதற்கு ‘வென்ட் ஸ்ட்ரெய்ட் அப்’. இரண்டையும் பார்த்த பிள்ளைகளிடம் கைகளால் செய்து காட்டச் சொல்லுங்கள். ‘பாலம் தூக்கியது’ என்பதில் தூக்கப்பட்டது பாலம் என்பதால், ‘தி பிரிட்ஜ் லிஃப்டட் அப்’ என்று எழுதுவதைவிட ‘தி ஸ்பேன் வாஸ் லிஃப்டட்’ என்று எழுதப் பழக்கலாம்.

பாம்பன் ஆசிரியை:

வகுப்பில் அனைவரும் சேர்ந்து அந்தப் பையனின் பத்தியைத் திருத்தி முடித்தோம். ‘ஃபாதர் காட் அப்’, ‘தி விண்ட் ஹேட் காட் அப்’ என்று தொடங்கி, ‘ஹால்ட் தி போட் அப் தி பீச்’ என்று முடிகிறது. ‘வெயில் ஏறுமுன்’ என்ற இடத்தில் மட்டும் நின்றுவிட்டோம். ‘பிஃபோர் தி சன் கேம் அப்’ என்று பாதிப் பேர் எழுதினார்கள். அப்படி எழுதினால் விடியுமுன் என்றாகிவிடுகிறதே என்று அந்தப் பையனே மறுத்துவிட்டான்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், இராமநாதபுரம்:

அவன் மறுத்தது முற்றிலும் சரி, சகோதரி. ‘கேம் அப்’ என்பது உதிப்பது. வெயில் ஏறுவது உதித்த பின் நடப்பது. உச்சியை நோக்கிப் போவதும் சூடு கூடுவதும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ‘பிஃபோர் தி சன் காட் ஹை’ என்று எழுதச் சொல்லுங்கள். சூட்டைத்தான் அவன் நினைத்தான் என்றால் ‘பிஃபோர் இட் காட் ஹாட்’. இரண்டில் எது என்பதை அன்று வள்ளத்தில் இருந்தவன் என்ற முறையில் அவனையே கேட்டுவிடுங்கள்.